நான்கு நொடி

முஃபுலிராவில் அந்த வருடம்
சர்க்கரையைவிட பேட்டரிக்குத் தட்டுப்பாடு.
செத்துக்கொண்டிருந்த நான்கைத்
தகரக் கூரைமேல் பகலெல்லாம் காயவைத்து
இரவில் போட்டால்
பாட்டு அரைமயக்கத்தில் வரும்.
பாடுகிறவன் பீப்பாய்க்குள்ளிருந்து பாடுவான்.
கிடார் மட்டும்
ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்து காட்டும்.
எனக்கு அதுதான் வேண்டும்.
பேட்டரி இறங்க இறங்கச்
சுருதியும் இறங்கும்,
நானும் கம்பியைத் தளர்த்திக்கொண்டே போவேன்,
நொண்டியோடு நடக்கிறவன் நொண்டுவதுபோல.

கசெட் மச்சான் கலும்பா கொண்டுவந்தது.
எல்லை தாண்டி, லுபும்பாஷியிலிருந்து,
சோளமாவு மூட்டைக்குள்.
தட்டினால் மாவு உதிரும்.
யார் வாசித்தது என்று அட்டையில் இல்லை.
அட்டையே இல்லை.

ஒரு சுரத்தை வாய்மூடி முனகித்
தொண்டையில் பிடித்துவைத்துக்கொண்டு
கிடாரின் கழுத்தில் தேடுவேன்.
இல்லை.
மேலே.
தாண்டிவிட்டேன்.
இதோ.

ஆனால் அதே சுரம் மூன்று இடத்தில் இருக்கிறது.
எங்கே வைத்தான் விரலை?
திறந்த கம்பி என்றால்
விட்டபிறகும் பேசிக்கொண்டிருக்கும்.
தடித்த கம்பியில் மேலேறி வைத்தால்
சளி பிடித்த குரல்.
கை இடம் மாறும்போது கம்பி கீச்சிடும்,
கீச்சு நீண்டால் ஐந்து ஃப்ரெட்,
குறுகினால் இரண்டு.
அவன் நல்ல வாசிப்பிலிருந்து
நான் ஒன்றும் கற்கவில்லை.
அழுக்கிலிருந்துதான் எல்லாம்.

சுரங்கத்தில் விளக்கறை வேலை எனக்கு.
நானூறு தலைவிளக்குகளைச் சார்ஜில் மாட்டும்போதே
இடதுகை விரல்கள் கால்சட்டைமேல் ஊரும்.
மேஸ்திரி சொங்குவே ஒருநாள் கேட்டார்:
சொறியா?
ஆமாம் என்றேன்.
களிம்பு கொடுத்தார்.

இரண்டாவது நிமிடத்தில் ஒரு குழி.
என் மகள் சோலா, ஒன்றரை வயது,
சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள்.
நான்கு நொடி பாட்டு இல்லை.
"அமென்ஷி" என்கிறாள். தண்ணீர்.
ஒரு தட்டு விழுந்து சுழன்று அடங்குகிறது.
பாட்டு திரும்பி வரும்போது
வேறெங்கோ நின்றுகொண்டிருக்கிறது.

அந்தக் கரைக்கு எப்படிப் போனான்?
கலும்பாவைக் கேட்டால் அவனுக்குச் சொல்தான் ஞாபகம்,
அதுவும் தப்புத்தப்பாக.
மூன்று மாதம்.
கடைசியில் ஒன்பது சுரங்கள்,
வழுக்கி இறங்கி
எட்டாவதில் கொஞ்சம் தயங்கி
ஒன்பதாவதில் கால் ஊன்றுகிற மாதிரி.
இதைத்தான் வாசித்திருப்பான்.
இதைத் தவிர வேறெதையும் வாசித்திருக்க முடியாது.

கமுசாங்கா மதுக்கடையில் சனிக்கிழமைகளில்
அந்த இடம் வரும்போது ஆடுகிறவர்கள்
முழங்காலை மடக்கிக் காத்திருப்பார்கள்.
இன்னொரு குழுவின் கபெம்ப்வா
முன்வரிசையில் கைகட்டி நின்று
காதாலேயே அள்ளிப்போனான்.
திட்டவா முடியும்?
நானே அள்ளியதுதான்.

பத்தொன்பது வருடம் கழித்து
சிங்கோலாவில், பஞ்சர் கடையில்,
வானொலியில் அந்தப் பாட்டு.
முழுசாக. சரியான வேகத்தில்.
இவ்வளவு அவசரக்காரனா அவன்?
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வந்தது நான்கு நொடி.

கிடார் இல்லை.
கையை எடுத்துவிட்டான்.
தோல்வாத்தியத்தில் ஒரு தட்டல்,
தூரத்தில் யாரோ செருமுகிறார்கள்,
பிறகு வேறிடத்திலிருந்து
ஒன்றும் நடக்காததுபோலத் தொடங்குகிறான்.

மூன்று மாதம் நான் தேடியது
அவன் சும்மா இருந்ததை.

சிரிப்பதா என்று யோசிக்கும்போதுதான் உறைத்தது:
அந்த நான்கு நொடியும் கடை மௌனமாக இல்லை.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி பார்த்துக்கொண்டிருந்த பையன்
பாட்டோடு விசிலடித்துக்கொண்டு வந்தவன்
நிறுத்தவில்லை.
வழுக்கி இறங்கினான்.
என் ஒன்பது.

எட்டாவதில் தயங்கவில்லை.
அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
அவன் தலை நிமிராமல் கேட்டான்:
ஆணியை வைத்துக்கொள்கிறீர்களா, போட்டுவிடவா?